பேராச்சியின் மாப்பிள்ளையும் நெத்திலியும்

"எப்படிச் சத்தம் வருது, போட்டுக் காட்டு" என்றாள் பேராச்சி.

மெக்கானிக் ஷாகிர் இரண்டு கைகளையும் கடைப் பலகையில் ஊன்றிக் கன்னத்தை உப்பினான். "கட்ர்ர்... கட்ர்ர்... டுப்."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவள் கை நிற்கவில்லை. "டுப்பு கடைசிலதான் வருதா, நடுவுலயும் வருதா?"

ஷாகிர் கண்ணை மூடி யோசித்துவிட்டு மறுபடியும் ஓட்டிக் காட்டினான். இந்த முறை நடுவிலும் ஒரு டுப் வந்தது. "அப்போ ஒனக்கு மாப்பிள்ளை வேண்டாம். டாக்டர் போதும்" என்று எழுந்தாள். சுவரில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கொடுத்தாள். மருத்துவர் நெஞ்சில் வைக்கும் வட்டத் தகட்டுக்குப் பதில் அதன் நுனியில் ஒரு நீளக் கம்பி இருந்தது. ஷாகிர் தன் இடது செருப்பைக் கழற்றிப் பலகைமேல் வைத்தான். "பூண்டு மேல வைக்காதல, கீழ வை" என்றாள்.

மும்பை வடாலாவில் மோனோரயில் தூண்களுக்குக் கீழே கார் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்து. அதன் முனையில், பீரோவை விடக் கொஞ்சம் அகலமான ஒரு கடையில் பேராச்சி உட்கார்ந்திருக்கிறாள். நட்டும் போல்ட்டும் துடைக்கிற துணியும் விற்பது பெயருக்குத்தான். அவளுடைய தொழில், இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் கருவிகளை வாடகைக்கு விடுவது. ஒரு பட்டறைக்காரன் எல்லாக் கருவிகளையும் சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகாது. வாங்கினாலும் வருடத்தில் பாதி நாள் அவை சும்மா கிடக்கும். பேராச்சியிடம் எதுவும் சும்மா கிடப்பதில்லை.

இதற்கு வழிசெய்தவர் அவள் கணவர் பூலோகம். மெக்கானிக் ஆகிவிடும் ஆசையில் அவர் ஒரு ஸ்கேனர் வாங்கினார். அது சொன்னது அவருக்குப் புரியவில்லை. அவர் திட்டியது அதற்குப் புரியவில்லை. அவர் டெம்போ ஓட்டப் போய்விட்டார். பக்கத்துப் பட்டறை வேல்ராஜ் வந்து, "சும்மாதான கெடக்கு, ஒரு மணி நேரம் குடுங்கக்கா" என்று கேட்டான். சும்மா கிடந்தாலும் சும்மா தருவதில்லை என்று அன்று அவள் சொன்னதுதான் கடையின் திறப்பு விழா.

கருவிகளுக்கு அவள் வைத்த பெயர்களைத்தான் சந்து முழுவதும் சொல்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் கோளாறின் எண்ணை மட்டும் காட்டும் சின்ன ஸ்கேனர், குட்டி. பலகை போலப் பெரிய திரையுடன், மெத்தைப் பைக்குள் டர்க்கித் துண்டு சுற்றிப் படுத்திருக்கும் விலையுயர்ந்த ஸ்கேனர், மாப்பிள்ளை. "ராத்திரி முச்சூடும் சார்ஜ் குடுக்கணும், மாசா மாசம் அப்டேட்டு குடுக்கணும், கொஞ்சம் வெயில் பட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடும். வேற என்ன பேரு வைக்க?" என்பாள். மெல்லிய ஒயரின் நுனியில் விளக்கும் கேமராவும் பொருத்திய ஒன்று உண்டு. இஞ்சினைக் கழற்றாமலே அதன் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கலாம். அதற்கு நெத்திலி என்று பெயர்.

ஆரம்பத்தில் அடமானமாக மொபைலைத்தான் வாங்கி வைத்தாள். அது பெரிய வம்பாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டார்கள், சீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், மனைவிமார்கள் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் பேராச்சியே பதில் சொன்னாள். ஒரு பட்டறைக்காரனின் மனைவியிடம், "அவன் மதியமே கெளம்பிட்டானே தாயி" என்று உண்மையைச் சொன்னதில், அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு செருப்புக்கு மாறினாள். அதுவும் இடது செருப்பு மட்டும். "வலது செருப்ப வாங்கி, பிரேக் போடும்போது காலு வழுக்கிட்டா பாவம் எனக்குல்லா?" இப்போது எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது என்று தெரிய, சந்தில் ஒற்றைச் செருப்போடு யார் நொண்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். மழைக்காலத்தில் கருவிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன.

அவள் எடுத்துக் கொடுக்கும் கருவி எப்போதும் பொருந்திவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பெட்ரோல் பம்ப் செத்துப்போன வண்டிக்கு டாக்டரைக் கொடுத்து, வேல்ராஜை ஒரு பகல் முழுவதும் காதில் குழாயோடு உட்கார வைத்திருக்கிறாள். அது பற்றிக் கேட்டால் அவள் அசருவதில்லை. "நீ சத்தத்தத் தப்பாப் போட்டுக் காட்டினல்லா? எம்மேல பழி போடாத."

இப்படி ஊர்க் கார்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது யாருக்கும் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, அவள் ஒரு பழைய வேன் வாங்கி நிறுத்தும்வரை. கருவிகளை அதில் போட்டுக்கொண்டு செம்பூர், பாண்டுப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் போய் வாடகைக்கு விடுவது அவள் திட்டம். "எதுக்கு நீ? நான் ஓட்டுதேன்" என்றார் பூலோகம். "நீரு ஓட்டினா நான் ஒமக்கும்லா சம்பளம் குடுக்கணும்" என்றாள். வேன் மோனோரயில் தூணுக்குக் கீழே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. சந்துக்காரர்கள் அதன்மேல் துணி காயப்போட்டார்கள்.

ஓட்டக் கற்றுக்கொள்ள அவள் தேர்ந்தெடுத்த இடம் செம்பூரில் இருதயமேரி டீச்சரின் பயிற்சிப் பள்ளி. பள்ளி என்பது ஒரே ஒரு சின்னக் கார்தான். டீச்சரின் இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஆனால் டீச்சர் அதைத் தொடவே மாட்டார் என்பதுதான் பள்ளியின் பெருமை. "மத்த ஸ்கூல்ல பாருங்க, காலத் தூக்காம மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க. பிள்ளைங்க என்னைக்குக் கத்துக்கும்? நான் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பேன். வண்டி உங்களோடது, ரோடு உங்களோடது" என்பார் டீச்சர். சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். முகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் அமைதி இருக்கும். லாரி எதிரே வந்தால் மட்டும் "ஏசுவே" என்று மிக மெதுவாகச் சொல்வார்.

பேராச்சி இரண்டு முறை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றாள். இரண்டிலும் ஒரே இடம். பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திக் கிளப்பச் சொல்வார்கள். அவள் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இஞ்சின் இழுக்காமல் சுருண்டுகொள்ளும். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வண்டி பின்னால் நகரும். பின் சீட்டில் இருக்கும் ஆய்வாளர் பேனா மூடியைப் போடுவார்.

மூன்றாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. லேர்னிங் லைசென்ஸ் சனிக்கிழமையோடு காலாவதி. விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் வேனுக்குள் மரமே முளைத்துவிடும் என்று பூலோகம் சந்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். வியாழக்கிழமை காலையில் பேராச்சி டீச்சரையும் காரையும் சந்துக்கே வரவழைத்தாள்.

"ஏல, எல்லாரும் வாங்க. இன்னைக்கு எனக்கு ஃபால்ட்டு பாக்கணும்."

வேல்ராஜ் குட்டியைக் கேட்டான். அவள் கையை நீட்டினாள்.

"உங்க வண்டிக்குத்தானக்கா பாக்கேன். இதுக்குமா செருப்பு?"

"யாரு வண்டிக்குப் பாத்தா என்ன? கழட்டுல."

குட்டி ஒன்றும் சொல்லவில்லை. வேல்ராஜ் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தான். கார் பறந்தது. ஷாகிர் மாப்பிள்ளையைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் டீச்சரையும் உட்கார வைத்துக்கொண்டு போய் வந்தான். அப்போதும் பறந்தது. மூன்றாவதாகப் பேராச்சி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். முனையைத் தாண்டுவதற்குள் இஞ்சின் சுருண்டது, மஞ்சள் விளக்கு எரிந்தது.

மாப்பிள்ளையின் திரையைப் பார்த்து ஷாகிர் சொன்னான்: "மௌசி, பிரேக்கும் மிதிபடுது, ஆக்ஸிலேட்டரும் மிதிபடுதுன்னு காட்டுது. ரெண்டையும் சேர்த்து மிதிச்சா இஞ்சின் தானா பவரக் கட் பண்ணிடும்." தாராவியில் தமிழ்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன், அவன் தமிழில் ஹிந்தி, சித்தி என்பதற்கு மௌசி என்பது போல, கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும்.

பிரேக் சுவிட்ச்தான் பொய் சொல்கிறது என்று வேல்ராஜ் சுவிட்சை மாற்றினான். மறுபடியும் அதே கதை. மெக்கானிக்குகள் ஓட்டினால் கார் நன்றாக ஓடியது. பேராச்சி ஓட்டினால் படுத்துவிட்டது. மத்தியானத்துக்குள் சந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

"மௌசி, ஃபால்ட்டு கிடைச்சிருச்சு" என்றான் ஷாகிர். "டிரைவர் சீட்டுல உட்காந்திருக்கு."

"யக்கா, நீங்க சத்தம் போட்டுக் காட்டுங்க, எந்தக் கருவின்னு நாங்க சொல்லுதோம்" என்றான் வேல்ராஜ்.

பூலோகம் டெம்போவை நிறுத்திவிட்டு, நடந்ததைக் கேட்டு, வேன்மேல் தன் சட்டையைக் காயப்போட்டார். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

"ரெண்டு காலயும் வச்சு மிதிக்கதுக்கு நான் என்ன மாவா பெசையுதேன்?" என்று கத்தினாள். "எங் காலு என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாதா?"

டீச்சர் அவள் தோளைத் தொட்டார். "விடுங்கக்கா. பயத்துல சில பேருக்குத் தெரியாம அப்படி ஆகும். எங்கிட்டப் படிக்க எல்லாருக்குமே வண்டி இப்படித்தான் மெதுவாப் போவும். நானும் பாத்திருக்கேன்."

"நான் பயப்படல டீச்சர்."

"பயப்படுறவங்க எல்லாரும் அப்படித்தாங்கக்கா சொல்லுவாங்க."

பேராச்சி விறுவிறுவென்று கடைக்குப் போனாள். நெத்திலியோடு திரும்பி வந்தாள். இஞ்சினுக்குள் விடுகிற கேமராவை ஸ்டியரிங்குக்கு அடியில், தன் கால்களைப் பார்த்தபடி டேப் வைத்து ஒட்டச் சொன்னாள். "வேலு, இதோட திரைய வச்சுக்கிட்டுப் பின்னால உக்காரு. எங் கால நல்லாப் பாரு. பாத்துட்டு வந்து இந்தப் பயலுவகிட்ட சொல்லு." வேல்ராஜுக்கு டேப் ஒட்டுவதில் பெரிய நம்பிக்கை இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒட்டினான்.

சந்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் வேல்ராஜ் பின்னாலிருந்து நேர்முக வர்ணனை செய்தான். "வலது காலு ஆக்ஸிலேட்டர். எடது காலு தரைல. மெட்டி தெரியுது. ஒழுங்காத்தான் இருக்கு." பேராச்சியின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது ஒரு கைவண்டிக்காரர் குழாய்களை ஏற்றிக்கொண்டு குறுக்கே வந்தார். அவள் ஒதுங்கினாள். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டேப் பிய்ந்து நெத்திலி ஊசலாடிக்கொண்டு இடது பக்கம் திரும்பித் தொங்கியது. இஞ்சின் சுருண்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"யக்கா" என்றான் வேல்ராஜ்.

"சொல்லு."

"இதுல இன்னொரு காலு தெரியுது."

"யாரு காலு?"

"நீல சாக்ஸு போட்டிருக்கு. பிரேக் மேல இருக்கு."

பேராச்சி வண்டியை ஓரம் கட்டினாள். அவளும் வேல்ராஜும் குனிந்து பார்த்தார்கள். டீச்சரும் குனிந்து பார்த்தார். கைகள் கட்டியபடியே இருந்தன. முகம் அமைதியாகவே இருந்தது. நீலச் சாக்ஸ் போட்ட வலது கால், யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துவிட்ட ஆளைப் போல, பிரேக்கை மிருதுவாக அழுத்திக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தும் அழுத்தம் இல்லை. மிதிபடுகிறது என்று இஞ்சினை நம்பவைக்கப் போதுமான அழுத்தம்.

"அது... நான் வைக்கல" என்றார் டீச்சர்.

"வேற யாரு டீச்சர்? டிக்கில யாராச்சும் படுத்துக் கெடக்காவளா?" என்றான் வேல்ராஜ்.

டீச்சர் காலை எடுத்தார். அதை வேறு யாருடையதோ போல் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது. ஷாகிர் ஓட்டுறப்ப பயமில்ல. படிக்கிறவங்க ஓட்டுறப்ப..." அவர் குரல் இறங்கியது. "ஸ்கூல் போர்டுலயே எழுதி வச்சிருக்கேனேக்கா, பிரேக்கத் தொட மாட்டேன்னு. இவ்வளவு பேரு ஃபெயிலாகிப் போனாங்களே, எல்லாம் எங் காலாலயா?"

பேராச்சி முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு டெஸ்டும், அந்தப் பாலத்து ஏற்றமும், ஆய்வாளரின் பேனா மூடியும் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வந்தன. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். டீச்சரின் கண் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, திறந்த வாயை வீணாக்காமல் வேல்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"ஏல, சந்துல போயி இதச் சொன்ன, இனி இந்த ஜென்மத்துல மாப்பிள்ளைய உங் கண்ணுல காட்ட மாட்டேன்."

"அப்போ என்ன சொல்ல?"

"ஒயரு லூசுன்னு சொல்லு."

வேல்ராஜ் அப்படியே சொன்னான். ஷாகிர் உடனே தொடையைத் தட்டி, காலையிலேயே தான் ஒயரைத்தான் சந்தேகப்பட்டதாகச் சொன்னான். "அப்போ மௌசி கால் நல்ல கால்தான்" என்று பெரிய மனசு பண்ணித் தீர்ப்பும் சொன்னான். பேராச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பூண்டு உரித்தாள்.

கோளாறு தெரிந்துவிட்டது; கழற்றத்தான் வழியில்லை. டெஸ்டில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும், இரண்டாவது பிரேக்கும் இருந்தாக வேண்டும். அன்று சாயங்காலம் இருவரும் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். டீச்சர் தன் காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஒன்று ஹாரன் அடித்ததும் நிமிர்ந்தார். அந்த நொடியில் கால் போய்விட்டது. இடது காலால் வலது காலைப் பூட்டிப் பார்த்தார். இரண்டுமாகச் சேர்ந்து பிரேக்கில் ஏறின. "அதுவாப் போவுதுக்கா. நான் வேணுன்னா வரலக்கா, வேற யாரையாவது அனுப்புதேன்."

"வேற ஆளு வந்தா எனக்குப் பழகாது. நீங்கதான் வரணும்" என்றாள் பேராச்சி. "ஏசுவேன்னு யாரு சொல்லுவா?"

வெள்ளிக்கிழமை. ஆய்வாளர் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். பேராச்சி கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள், சிக்னல் காட்டிக் கிளம்பினாள். சமதளத்தில் ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார். பாலத்து ஏற்றத்தின் பாதியில் ஆய்வாளர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். கிளப்பச் சொன்னார்.

பின்னால் தண்ணீர் லாரி ஒன்று மூக்கை இடிக்கும் தூரத்தில் வந்து நின்று உறுமியது. டீச்சரின் நீலச் சாக்ஸ் தரையிலிருந்து எழும்பியது. "ஏசுவே."

பேராச்சி ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். இறக்கிய இடது கையை அப்படியே எடுத்து டீச்சரின் வலது முழங்காலில் வைத்து, பானை மூடியை அமுக்குவது போல அமுக்கினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகவில்லை. இழுத்துக்கொண்டு ஏறியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை.

இஞ்சின் கத்த ஆரம்பித்தது. பின் சீட்டிலிருந்து ஆய்வாளர் எட்டிப் பார்த்தார்.

"மௌசி, கியர் பாஜூ மே ஹை. வோ உன்கா குட்னா ஹை." கியர் பக்கத்தில் இருக்கிறது, அது அவருடைய முழங்கால் என்றார்.

"ஹாங் ஸாப்" என்றாள் பேராச்சி. கையை எடுத்து இரண்டாவது கியர் போட்டாள். போட்ட கையோடு முழங்காலை மறுபடியும் பிடித்துக்கொண்டு பாலத்தின் உச்சியைப் பார்த்து ஓட்டினாள்.